ட்வைனம் மலையில் ஆடு இல்லை

அக்டோபர் 27, ஞாயிறு

அக்டோபர் மாதப் பனிச்சறுக்கு வளைவு முடிந்தது. சார்லட் கணவாயில் வண்டி நிறுத்தும் இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கிளெம் எனக்கு முன்பே வந்து, வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். "வந்துட்டியா" என்றான். சிகரத்தில் ஏறி நின்று, "பனி நல்லாருக்கு" என்றான். சாயங்காலம் அவரவர் வண்டியில் ஏறும்போது, "அப்ப சரி" என்றான். ஒரு நாள் முழுக்க என் வீட்டுக்காரன் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்.

ஆனால் பனி நிஜமாகவே நன்றாக இருந்தது. விடிகாலையில் கல்லாக இறுகிக் கிடந்தது, வெயில் ஏறியதும் மேல்தோல் மட்டும் சர்க்கரை மாதிரி இளகிக் கொடுத்தது. ட்வைனம் உச்சியிலிருந்து நீல ஏரிப் பக்கம் ஒரே மூச்சில் இறங்கினோம். அவன் முன்னால், அவன் போட்ட கோட்டின் மேலேயே நான். இடது, வலது, இடது. சறுக்குப் பலகை காலில் இருக்கும்வரை எங்களுக்குள் ஒரு தகராறும் கிடையாது. அதைக் கழற்றினால்தான் வம்பு.

நவம்பர் 9, சனி

இன்று பந்துருட்டும் கிளப்பில், இறைச்சித் தட்டு பரிசாக விழும் குலுக்கலுக்குச் சீட்டு வாங்க வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேர் முன்னாலும் பெர்ட்ரம் கேட்டார், "கிளெம் இன்னும் பெரிடேல்லதான் இருக்கானா?" ஆமாம் என்றேன். "அந்தக் கேரவன்லயா? தம்பி வீட்டுக் கோழிக் கொட்டகைப் பக்கத்துல?" ஆமாம் என்றேன். "ஆனா மாசாமாசம் மலைக்கு மட்டும் சேர்ந்து போறீங்க." ஆமாம் ஆமாம் ஆமாம்.

பெர்ட்ரம் பெல் எங்கள் சங்கத்தின் செயலாளர். முன்பு நில அளவையாளராக இருந்தவர், ஓய்வு பெற்றும் டேப்பை விடவில்லை. எங்கள் சங்கத்தின் வேலை ஒன்றே ஒன்று: வருஷத்தின் எல்லா மாதமும், இங்கே கோடையான டிசம்பர், ஜனவரியிலும், மலையில் எங்காவது பனி தேடிப் போய் ஒரு வளைவாவது சறுக்க வேண்டும். விடாமல் செய்கிறவர்களுக்குக் கிளப் வராந்தாவில் ஒரு பெயர்ப் பலகை. நானும் கிளெமும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஜோடியாகப் பெயர் கொடுத்தோம். ஜோடி என்றால் ஒரே நாள், ஒரே பனி, இருவரும் ஆளுக்கு ஒரு இடது, ஒரு வலது. ஒருவர் தவறினால் இருவர் பெயரும் போய்விடும். அதனால்தான் பிரிந்து போன பிறகும் மாதம் ஒருமுறை சந்திக்கிறோம்.

பிரிந்து போனது என்று எழுதினால் பெரிய கதை மாதிரி இருக்கிறது. நடந்தது இதுதான். ஆகஸ்டில் ஒரு காலை, ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். மூன்று நாளாக மனுஷன் வாயே திறக்கவில்லை. நான் சொன்னேன், "பேச ஒண்ணும் இல்லேன்னா வேற எங்கயாவது போய்ப் பேசாம இரு." அவன் ரொட்டியை முடித்தான், தட்டைக் கழுவி வைத்தான், பையை எடுத்தான், போய்விட்டான்.

முப்பது வருஷமாகக் குப்பைத் தொட்டியை வெளியே வை என்று சொல்கிறேன். அது ஒரு நாளும் காதில் விழுந்ததில்லை. இது விழுந்திருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

டிசம்பர் வளைவு. பனி உச்சிக்குக் கீழே கிழக்குச் சரிவில் மட்டும்தான், கால்பந்து மைதானத்தில் பாதி இருக்கும். மற்ற இடமெல்லாம் புல்லும் வெள்ளைப் பூவும். அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக நடக்க வந்த கூட்டம், தோளில் பலகையோடு ஏறும் எங்களைப் பார்த்து ஒரே கேலியைத் திரும்பத் திரும்பச் சொன்னது. "ஆறு மாசம் முன்னாடியே வந்துட்டீங்க." பன்னிரண்டாவது ஆளிடம் கிளெம் நின்று, "இல்ல, லேட்டு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் பார்க்கும் முன் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதற்குத் திருப்பினேன்?

ஜனவரி 4, சனி

சூடு. மாட்டு ஈ சட்டையோடு சேர்த்துக் கடித்தது. பனி ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்குச் சுருங்கிவிட்டது, நடுவில் பாறை மூக்கை நீட்டுகிறது. பெர்ட்ரம் சாட்சிக்கு வருகிறேன் என்று வந்து, டேப்பை நீட்டி நான்கு பக்கமும் அளந்தார். "பலகை முழுசும் பனி மேல இருக்கணும். நுனி புல்லுல பட்டா செல்லாது. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

இடது, வலது. முடிந்தது. மூன்று மணி நேரம் ஏறி வந்து, கண்ணை இமைப்பதற்குள் முடிந்துவிடும் காரியம். கிளெம் அசையாமல் நின்று பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பிப்ரவரிக்கு நிக்காது" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டைத் திறந்தேன். எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். பனி போய்விட்டால் அந்த ஆளைப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அவனுக்கும் இங்கே வர வேலை இல்லை. போன் பண்ணலாமே என்றால், யாருக்கு? கிளெமுக்கா? அவன் எடுப்பான், மூச்சு விடுவான், நான் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். திரும்பி வா என்று நானாகச் சொல்ல மாட்டேன். போனது அவன்.

போகச் சொன்னது நான்தான். ஆனால் போனது அவன்.

ஜனவரி 15, புதன்

நான் நடத்தும் லாண்டரிக்குப் பூட்டுப் போட்டேன். "உடல்நலம் சரியில்லை" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். பனிக்கால விடுதிகள் கழித்துப் போட்ட கனத்த போர்வை இரண்டை முதுகில் கட்டிக்கொண்டு தனியாக ட்வைனம் ஏறினேன். என் திட்டம் எளிது. வெயில் படாமல் பனியைப் போர்த்திவிட்டால் இன்னும் சில வாரம் தாங்கும். அறுபதை எட்டப்போகும் பெண் ஜனவரி வெயிலில் மெத்தைப் போர்வை சுமந்து மலை ஏறுவதைப் பார்த்து ஒரு குடும்பமே ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. "மேல தங்கப் போறீங்களா?" என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டாள். "நான் இல்ல" என்றேன்.

கடைசி மேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். பனி பெரிதாகியிருந்தது. ஜனவரியில். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

பனி இல்லை. ஆட்டு ரோமம். திட்டு முழுக்க ஒரு முழம் உயரத்துக்கு ஆட்டு ரோமம் பரப்பி, காற்றில் பறக்காமலிருக்க ரோம மூட்டைச் சாக்குகளை விரித்து, மேலே கல் வைத்திருந்தது. எல்லாம் வயிற்று ரோமம், சந்தையில் விலை போகாதது. ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் தரம் பிரிக்கிறது கிளெமின் வேலை, நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரே நடையில் முடிந்த வேலையும் இல்லை இது. எத்தனை முறை ஏறினானோ, அந்தக் கெட்டுப்போன முழங்காலை வைத்துக்கொண்டு.

உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது கோபம்தான். ஒரு பெயர்ப் பலகைக்காக இத்தனை சுமப்பியா? முப்பது வருஷம் கூட இருந்தவகிட்ட ரெண்டு வார்த்தை பேச வலிக்குது, பனிக்குக் கம்பளி போத்தி விடறியாடா?

அப்புறம் என் முதுகில் இருந்த போர்வைகள் ஞாபகம் வந்தன.

கிழக்கு ஓரத்தில் காலை வெயில் படும் பக்கம் ரோமம் மெலிந்திருந்தது. என் போர்வைகளை அங்கே போட்டு, கல் வைத்துவிட்டு இறங்கினேன்.

ஜனவரி 25, சனி

ஊர் கொதித்துக் கிடக்கிறது. ட்வைனம் மலை மேல் ஆட்டு மந்தை.

யாரோ நடக்கப் போனவன் தூரத்திலிருந்து படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறான். உச்சிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகப் படுத்திருக்கின்றன. மலையில் ஆடு மாடு மேய்க்கக் கூடாது என்று சட்டம் வந்து எத்தனையோ காலமாகிறது, ஆனால் இந்த ஊரில் அந்தப் பேச்சை எடுத்தால் கல்யாண வீட்டில்கூடக் கைகலப்பு ஆகும். ரொட்டிக் கடையில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, மேய்ச்சல்காரர்கள் திமிரெடுத்து ஏற்றிவிட்டார்கள் என்கிறது. இன்னொரு கட்சி, பழி போடத் தேசியப் பூங்காக்காரர்களே ஏற்றிவிட்டார்கள் என்கிறது.

மத்தியானம் வனக்காவலர் டாம்சின் சீருடை வெளுக்க லாண்டரிக்கு வந்தாள். நல்ல பெண், எதையும் சிரிக்காமல் சொல்வாள்.

"படத்துல ஏழு தெரியுது, நெரிடா. எல்லாம் படுத்திருக்கு. ரெண்டு நாள் இடைவெளியில எடுத்த இன்னொரு படமும் பார்த்தேன். அதே இடம், அதே படுக்கை."

"ஓ" என்றேன்.

"அசையாத ஆடுன்னா நோயா இருக்குமோன்னு மேலதிகாரிங்க கேக்கறாங்க. மேகம் இறங்கி மலையே தெரியல. விலகினதும் ஏறிப் பார்க்கணும். உங்க வீட்டுக்காரருக்கு ஆட்டைப் பத்தித் தெரியுமே, கூட வருவாரா?"

"அவர் பேச மாட்டார்" என்றேன்.

"ஆடும் பேசாது, பரவாயில்ல" என்றாள்.

பிப்ரவரி 1, சனி

மேகம் விலகும் முன் பிப்ரவரி வளைவை முடித்துவிட வேண்டும் என்று விடியற்காலையே ஏறினோம். நான்தான் குறுஞ்செய்தி அனுப்பினேன்: சனி, ஐந்து மணி. பதில்: சரி.

உச்சியில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத மூட்டம். இருவரும் அந்தக் குவியல் முன்னால் போய் நின்றோம்.

"யாரோ ரோமம் போட்டிருக்காங்க" என்றேன்.

"ஆமா" என்றான். கிழக்கு ஓரத்தைக் காட்டி, "போர்வையும் போட்டிருக்காங்க."

"ஆமா."

"நல்ல போர்வை."

குனிந்து என் போர்வையை எடுத்தான். மடிக்கிற சாக்கில் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். அதில் என் லாண்டரி சோப்பு வாசனைதான் இருந்திருக்கும். மடித்துப் பாறை மேல் வைத்தான்.

அடியில் பனி சின்னதாக, சுத்தமாக, ஒரு கட்டில் போல் கிடந்தது. எங்கள் பலகை அதற்கு நீளம். நான் வாடகைக் கடையிலிருந்து இரவல் வாங்கி வந்த குழந்தைப் பலகைகளை எடுத்தேன். பென்குயின் படம் போட்டது. விதியில் பனியின் நீளம் உண்டு, பலகையின் நீளம் இல்லை. கிளெம் அந்தப் பென்குயினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மாட்டிக்கொண்டான். இடது, வலது. அடுத்து நான். இடது, வலது. படம் எடுத்துக்கொண்டோம்.

பிறகு திரும்பப் போர்த்தினோம். போர்வையின் ஒரு மூலையை அவன் பிடித்தான், எதிர் மூலையை நான் பிடித்தேன், உதறி விரித்து ஓரத்தை உள்ளே செருகினோம். முப்பது வருஷம் சேர்ந்து படுக்கை விரித்த கைகள், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூட்டம் என்பதால் பிழைத்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

டாம்சின் ஏறிவிட்டாள். லாண்டரிக்குள் வந்து சொட்டச் சொட்ட ஒரு போர்வையை மேசை மேல் வைத்தாள்.

"இது உங்க லாண்டரி முத்திரை."

"ஆமா."

"சாக்குல இருக்கறது கிளெம் கையெழுத்து. வயித்து ரோமம், ரெண்டாந்தரம்னு தேதி போட்டு எழுதியிருக்கார். இவ்வளவு ஒழுங்கா யாரும் குப்பை போட்டு நான் பார்த்ததில்ல."

நான் ஒன்றும் பேசவில்லை. இன்று நான்தான் கிளெம்.

"ஆடு இல்லைன்னு எழுதிடலாம். என்ன இருந்துச்சுன்னு என்ன எழுதறது? பனிக்குக் குளிரும்னு போத்தி விட்டிருந்தாங்கன்னு எழுதவா?"

கடைசியில் அவளே தீர்ப்பும் சொன்னாள். ஒரு இழை விடாமல் கீழே வர வேண்டும், மார்ச் முடிவதற்குள், வண்டி எதுவும் கூடாது, முதுகில்தான். "ரெண்டு பேரும் சேர்ந்து. ஒருத்தர் தனியா வந்தா திருப்பி அனுப்பிடுவேன்" என்றாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

சங்கத்தில் அவசரக் கூட்டம். போர்த்திக் காப்பாற்றிய பனி இயற்கைப் பனியா? பெர்ட்ரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீர்ப்பு வாசித்தார். பனி தானாகத்தான் விழுந்தது, தங்கினதில்தான் உதவி இருந்தது, ஆகவே பிப்ரவரி செல்லும். மார்ச் மாதத்துக்குப் புதிதாகப் பனி தேடிக்கொள்ள வேண்டியது எங்கள் பாடு. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரோமம் எடுத்துட்டா ரெண்டு நாள்ல தண்ணிதான். பதினோரு வருஷம், நெரிடா" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்குக் கலங்கியது வேறு காரணத்துக்கு.

பிப்ரவரி 22, சனி

முதல் நடை. நனைந்த ஆட்டு ரோமம் ஒரு முழு ஆட்டைவிடக் கனம். நாற்றமும் அப்படித்தான். ஒரு நடைக்கு ஒரு சாக்குதான் முடிகிறது. எதிரே வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அங்க ஆடு இருக்காமே" என்று விசாரித்தார்கள். "இல்ல" என்றான் கிளெம். இன்று பேசியது அவ்வளவுதான். நாளையும் போக வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்னொரு சாக்கு. முதுகு போயிற்று.

மார்ச் 2, ஞாயிறு

சனி, ஞாயிறு இரண்டு நாளும். மாதத்துக்கு ஒரு தடவை பார்த்த ஆளை இப்போது வாரம் இரண்டு தடவை பார்க்கிறேன். டாம்சினுக்கு ஒரு கேக் கொடுக்க வேண்டும். இல்லை, புரிந்துகொண்டுவிடுவாள்.

மார்ச் 8, சனி

ஸ்னோயி ஆற்றைக் கல் மேல் கால் வைத்துத் தாண்டும் இடத்தில் சாக்கை இறக்கி உட்கார்ந்தோம். மேலெல்லாம் எங்கள் இருவருக்கும் ஒரே நாற்றம். நான் தெர்மாஸ் டீயை ஊற்றினேன். அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நீ போன்னு சொன்னே. போனேன்."

நான் கோப்பையை அவன் பக்கத்துக் கல்லில் வைத்தேன்.

"வான்னு நீயே கூப்பிடுவேன்னு காத்திருந்தேன்" என்றான்.

"கேட்டிருக்கலாமே கிளெம்."

"எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. பனி இருந்தா நீ மலைக்கு வருவே. அது மட்டும் தெரியும். அதான் போத்தி வெச்சேன்."

அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பெயர்ப் பலகைக்காக என்று நினைத்தேனே. நான் எதற்காகப் போர்வை சுமந்தேனோ அதற்காகத்தான் அவனும் சுமந்திருக்கிறான். இரண்டு கிழங்களும் வாயைத் திறப்பதற்குப் பதிலாக மலை ஏறியிருக்கிறோம்.

"அன்னைக்கு நான் சொன்னது பேச்சுக்குச் சொன்னதுடா" என்றேன்.

"எது பேச்சுக்கு, எது நெசம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"குப்பைத் தொட்டி நெசம்."

யோசித்தான். "சரி" என்றான்.

பிறகு நான் சொன்னேன். திரும்பி வா என்று சொன்னேன். ஆற்றுச் சத்தத்தில் காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

கடைசிச் சாக்கு. பனி இருந்த இடத்தில் ஈரச் சரளையும், வெளிறிப் படுத்துக் கிடந்த புல்லும்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். டாம்சின் தரையில் மண்டியிட்டு ஒரே ஒரு இழையைக் கண்டெடுத்து, கிளெம் கையில் கொடுத்தாள். அவன் அதைப் பார்த்து, "இது வயிறு இல்ல, தோள்பட்டை" என்றான். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

அவன் வண்டியில் நாற்றமெடுக்கும் மூட்டைகளுக்கு நடுவே அவனுடைய துணிப்பையும் இருந்தது. பெரிடேல் பக்கம் திரும்பாமல் என் வண்டிக்குப் பின்னாலேயே வந்தான்.

மார்ச் 18, செவ்வாய்

ரோமத்தைப் பெரிய இயந்திரத்தில் போட்டுத் துவைத்தேன். இயந்திரம் போயிற்று. குப்பைத் தொட்டி வெளியே இருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

மத்தியானம் இடி இடித்து ஆலங்கட்டி கொட்டியது. கொஞ்ச நேரத்தில் பெர்ட்ரம் மழைக்கோட்டோடு வாசலில். மூச்சு வாங்குகிறது மனிதருக்கு.

"உச்சி வெளுத்திருக்கு. பூதக்கண்ணாடி வெச்சு விதியைப் பார்த்துட்டேன். 'வானத்திலேர்ந்து தானா விழுந்து உறைஞ்சது'ன்னுதான் இருக்கு, பனின்னு இல்ல. ஆலங்கட்டி செல்லும். ஏழு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கு. பென்குயினை எடுத்துட்டு ஓடுங்க."

உள்ளே சமையலறை மேசையில் கிளெம் காய்ந்த ரோமத்தை ஒரு போர்வைக்குள் அடைத்துக்கொண்டிருந்தான். இளவயதில் ஏதோ கொட்டகையில் ஒரு கிடா இரண்டு பேரை முட்டித் தள்ளிவிட்டு மூன்றாவது ஆளின் தொப்பியைத் தின்ற கதை. சாப்பாட்டு வேளையில் ஆரம்பித்தது. இன்னும் தொப்பிக்கே வரவில்லை.

"இன்னைக்கு முடியாது பெர்ட்ரம்" என்றேன். "அவர் ஒரு கதை சொல்லிட்டு இருக்கார்."

"நாளைக்குச் சொல்லக்கூடாதா? நாளைக்கு ஏப்ரல். பதினோரு வருஷம் போயிடும்."

"நாளைக்கு மறந்துட்டார்னா?"

பெர்ட்ரம் என்னையே பார்த்தார். உள்ளேயிருந்து வந்த குரலைக் கொஞ்சம் கேட்டார். டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "கிளெமா அது?" என்றார்.

மே 25, ஞாயிறு

ராத்திரி முதல் நல்ல பனி. ட்வைனம் ஏறினோம். புல் நுனி இன்னும் வெளியே தெரிகிறது, பலகை இரண்டு இடத்தில் கல்லில் உரசியது. அவன் முன்னால், நான் பின்னால், பாதியில் நான் முன்னால். படம் எடுக்க மறந்துவிட்டோம்.

ஜூன் 7, சனி

அரசர் பிறந்தநாள் விடுமுறை, பனிச்சறுக்கு சீசன் திறப்பு விழா. மே மாதப் பனி மழையில் கரைந்துவிட்டதால் வழக்கம்போல் பச்சைப் புல்லின் மேல் வாத்தியம் வாசித்து, பனிக்குப் பதில் புல்லுக்கே பாதிரியார் ஆசீர்வாதம் செய்தார். கிளப் வராந்தாவில் எங்கள் பெயர் இருந்த இடத்தில் பெர்ட்ரம் புதுச்சாயம் அடித்திருக்கிறார். பார்த்தேன், வலித்தது, கொஞ்சம்தான். இறைச்சிக் குலுக்கலில் எங்களுக்கு ஒரு தட்டு சாசேஜ் விழுந்தது.

திரும்பி வரும் வழி முழுக்க கிளெம் பேசினான். சாசேஜ், பாதிரியாரின் காலணி, கோழிக் கொட்டகைப் பக்கம் தூங்கினால் வரும் கனவுகள், மறுபடி அந்தக் கிடா. ஏரிக்கரைத் திருப்பத்தில் எனக்குத் தலை விண்ணென்றது. "கொஞ்ச நேரம் வாயை மூடேன், கிளெம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. சொன்னதைச் செய்கிற ஆள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தேன்.

"பேச்சுக்குத்தானே சொல்றே" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.